எஞ்சின் ஆயிலை எப்போ மாத்தணும்? கிலோமீட்டரை மட்டும் பாத்து மாட்டிக்கிட்டவன் எழுதுறது

நான் பண்ண தப்பு ரொம்ப சின்னது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில் மாத்தணும்னு காதுல விழுந்துச்சு, என் வண்டி பத்தாயிரம் ஓடவே இல்ல, அதனால நானும் மாத்தவே இல்ல. தினமும் ஆபீஸுக்கு மூணு கிலோமீட்டர் போய்ட்டு மூணு கிலோமீட்டர் திரும்பி வர்ற வண்டி, ரெண்டரை வருஷத்துல ஏழாயிரத்தைத் தாண்டல. ஒருநாள் காலைல ஸ்டார்ட் பண்ணா மேல டிக் டிக்னு சத்தம், ரெண்டு நாள்ல அது டக் டக்னு ஆச்சு, மெக்கானிக் வால்வு கவரைக் கழட்டிக் காட்டினப்ப உள்ள ஆயில் இருந்த இடத்துல தார் மாதிரி ஒரு கருப்புப் பசை அப்பிக் கிடந்துச்சு. கீழ ஆயிலை உறிஞ்சுற சல்லடைல பாதி அடைஞ்சு போயிருந்துச்சு. சேம்பரை (எஞ்சினுக்கு அடில ஆயில் தேங்குற தொட்டி) கழட்டி, கழுவி, சில பார்ட்ஸ் மாத்தி முடிச்சப்ப வந்த பில்லுக்கு நான் ஒரு பத்து வருஷம் ஒழுங்கா ஆயில் மாத்தியிருக்கலாம்.

இனி கார் புதுசா வாங்கினவங்க, இதுவரைக்கும் எல்லாத்தையும் ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு வந்தவங்க, யாரும் இந்தக் கூத்துல மாட்டக்கூடாதுன்னுதான் வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல பேப்பர்களை எடுத்து வைங்க

மூணு பேப்பர் வேணும். வண்டியோட ஓனர்ஸ் மேனுவல், சர்வீஸ் புக், கடைசியா ஆயில் மாத்தின பில்.

மேனுவல்ல எல்லாரும் மெயின்டனன்ஸ் அட்டவணையைப் பாத்துட்டு மூடிருவாங்க. அப்படி மூடாதீங்க. பெரும்பாலான மேனுவல்ல ரெண்டு கணக்கு இருக்கும், ஒண்ணு சாதாரண ஓட்டத்துக்கு, இன்னொண்ணு கடினமான ஓட்டத்துக்கு. ரெண்டாவது கணக்கு அடிக்குறிப்பா, குட்டி எழுத்துல, பக்கத்தோட அடில ஒளிஞ்சிருக்கும். நம்மள்ல நிறைய பேர் அந்த ரெண்டாவது கட்சிதான், அதைப் பத்தி மூணாவது பாயின்ட்ல விரிவா சொல்றேன்.

அப்புறம் கடைசிப் பக்கங்கள்ல ஸ்பெசிஃபிகேஷன்னு ஒரு பகுதி வரும். அதுல இருந்து மூணு விஷயத்தை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க: எந்த கிரேடு ஆயில், எந்தத் தரம் (ரெண்டும் என்னன்னு நாலாவது பாயின்ட்ல சொல்றேன்), ஆயிலை வடிகட்டுற ஃபில்டரோட சேத்து எத்தனை லிட்டர் பிடிக்கும். மேனுவல் தொலைஞ்சு போச்சுன்னா நிறைய கார் கம்பெனிங்க தங்களோட வெப்சைட்லயே இலவசமா குடுக்குறாங்க. ஆனா ஒரே மாடல் பேர்ல பெட்ரோல், டீசல், டர்போ, டர்போ இல்லாததுன்னு நாலு எஞ்சின் வரும், ஒண்ணுக்கு 3.5 லிட்டர்னா இன்னொண்ணுக்கு 5 லிட்டர் இருக்கலாம். உங்க வருஷமும் உங்க எஞ்சினும் தானான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாருங்க.

2. கடைசியா எப்போ மாத்துனதுன்னு கண்டுபிடிங்க

தேதி, ஓடோமீட்டர் ரீடிங், ரெண்டும் வேணும். ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லாட்டி கணக்கு நிக்காது.

பழைய வண்டி வாங்கினவங்க கவனமா இருங்க. கண்ணாடில ஒட்டியிருக்க ஸ்டிக்கர், டேஷ்போர்டுல சர்வீஸுக்கு இன்னும் எட்டாயிரம் கி.மீ. இருக்குன்னு காட்டுற கணக்கு, இதெல்லாம் ஆதாரமே கிடையாது. அந்த ரிமைண்டரை ஆயில் மாத்தாமலே ரெண்டு பட்டனை அமுக்கி ரீசெட் பண்ணலாம், விக்கிறதுக்கு முன்னாடி அப்படிப் பண்றவங்களும் இருக்காங்க. பில் கையில இல்லைன்னா ஆயில் மாத்தலன்னே வச்சுக்கிட்டு, வாங்கின வாரத்துலயே ஆயிலும் ஃபில்டரும் மாத்திருங்க, அன்னைக்குத்தான் உங்க கணக்கு பூஜ்ஜியத்துல இருந்து ஆரம்பிக்குது. உள்ள அழுக்கு இருக்கும்னு சந்தேகமா இருந்தா அடுத்த மாத்தத்தைச் சீக்கிரமா, ஒரு மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர்லயே பண்ணிருங்க, புது ஆயில் கொஞ்சம் கொஞ்சமா பழைய அழுக்கைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வரும்.

3. நீங்க எந்தக் கணக்குன்னு முடிவு பண்ணுங்க

இந்தக் கட்டுரைலயே முக்கியமான இடம் இதுதான், மத்ததெல்லாம் அவசரமா படிச்சாலும் இதை மெதுவா படிங்க.

இப்ப வர்ற பெட்ரோல் கார்கள்ல ஃபுல் சிந்தெடிக் ஆயில் (செயற்கையா தயாரிச்சது, சீக்கிரம் கெடாது) போட்டு சாதாரணமா ஓட்டினா நிறைய கம்பெனிங்க சொல்றது 10,000 கி.மீ. அல்லது 12 மாசம், சிலது 15,000 வரை போகுது. சில ஐரோப்பிய வண்டிகள்ல அதுக்குன்னே அங்கீகாரம் உள்ள ஆயில் போட்டா 30,000 கி.மீ. அல்லது 2 வருஷம்னு கூட இருக்கு. 5000-த்துக்கு ஒருக்கான்னு பெரியவங்க சொல்றது மினரல் ஆயில் (கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சு எடுக்கிற சாதாரண வகை) காலத்துக் கணக்கு, மினரல் ஆயில் போடுற வண்டிக்கு இன்னைக்கும் அது சரிதான். நம்பர் எதுவா இருந்தாலும் அதுக்குப் பின்னாடி வர்ற ஒரு வரியைத்தான் நான் படிக்காம விட்டேன்: எது முதல்ல வருதோ அது. கிலோமீட்டர் முதல்ல வந்தா கிலோமீட்டர், மாசம் முதல்ல வந்தா மாசம்.

வண்டி ஓடாட்டி ஆயில் எப்படி கெடும்னு நானும் கேட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உண்டாகுது. அதுல பெரும்பகுதி சைலென்சர் வழியா வெளிய போயிரும், ஆனா கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழ ஆயில் இருக்க இடத்துக்கு வந்துரும், கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம் வரும். நீங்க அரை மணி நேரம் நல்லா ஓட்டினா ஆயில் சூடாகி இதெல்லாம் ஆவியாகி வெளியேறிடும். மூணு கிலோமீட்டர்ல நிறுத்தினா தண்ணியும் பெட்ரோலும் ஆயிலோடயே தங்கிடும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேரும், நாளன்னைக்கு இன்னும் கொஞ்சம். இந்தக் கலவைல அமிலம் உண்டாகும், அதை முறிக்கன்னு ஆயில்ல கலந்திருக்க சரக்கு இதோட சண்டை போட்டுப் போட்டே தீந்து போகும், அதுக்கப்புறம்தான் அந்தத் தார்.

டெம்பரேச்சர் முள்ளு நடுவுல வந்துருச்சே, எஞ்சின் சூடாயிருச்சுல்லன்னு கேப்பீங்க. அந்த முள்ளு காட்டுறது கூலன்ட்டோட (எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி) சூட்டை. ஆயில் சூடாக அதை விட நிறைய நேரம் ஆகும், முள்ளு நடுவுக்கு வந்தப்புறமும் பத்து நிமிஷத்துக்கு மேல ஓட்டணும்.

அதனால கீழ சொல்றதுல எதாவது ஒண்ணு உங்க அன்றாடமா இருந்தா நீங்க கடினமான ஓட்டம்: பத்து கிலோமீட்டருக்குள்ளயே தினமும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுறது, டிராஃபிக்ல நகராம எஞ்சினை ஓட விட்டு நிக்குறது (ஓடோமீட்டர் ஏறாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்), தூசி பறக்குற ரோடு, மலையேத்தம், முழு லோடு, பின்னாடி டிரெய்லர் இழுக்குறது. இவங்களுக்கு மேனுவல்ல பொதுவா பாதிக் கணக்கு போட்டிருப்பாங்க, அதாவது 10,000 கி.மீ.-க்கு 5000, வருஷத்துக்கு ஆறு மாசம். உங்க மேனுவல் என்ன சொல்லுதோ அதையே எடுத்துக்கோங்க.

மாறா, தினமும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஹைவேல ஒரே சீரா போறவங்களுக்கு ஆயில் நல்லாவே தாக்குப்பிடிக்கும், அவங்க முழுக் கணக்கையும் தைரியமா எடுத்துக்கலாம், மூவாயிரத்துலயே மாத்துங்கன்னு சொல்ற மெக்கானிக் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டியதில்ல.

ஹைபிரிட் வச்சிருக்கவங்க எஞ்சின் பாதி நேரம் ஓடலைன்னு சந்தோஷப்படாதீங்க, அணைஞ்சு அணைஞ்சு ஓடுறதால எஞ்சின் முழுசா சூடாகாமலே இருக்க வாய்ப்பு அதிகம். மாசக் கணக்கை விடவே விடாதீங்க. பேட்டரில மட்டும் ஓடுற எலெக்ட்ரிக் காருக்கு எஞ்சினே இல்ல, எஞ்சின் ஆயிலும் இல்ல, நீங்க இதோட படிக்கிறதை நிறுத்திக்கலாம்.

டேஷ்போர்டுல ஆயில் லைஃப் இத்தனை சதவீதம்னு காட்டுற வண்டிகள்ல, அது பெரும்பாலும் ஆயிலைத் தொட்டுப் பாத்துச் சொல்றது கிடையாது. எத்தனை ஸ்டார்ட், எவ்வளவு சூடு, எஞ்சின் எவ்வளவு வேகமா சுத்துச்சுன்னு (ஆர்பிஎம்) வச்சுப் போடுற கணக்கு. நல்ல கணக்குதான், நம்பலாம், ஆனா நீங்க தப்பான ஆயில் ஊத்தியிருந்தாலோ லெவல் குறைஞ்சிருந்தாலோ அந்தச் சதவீதத்துக்குத் தெரியாது.

4. எந்த ஆயில்

5டபிள்யூ-30னு கேன்ல போட்டிருக்குல்ல, அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்குது. முன்னாடி இருக்க நம்பர் குளிர்ல ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லுது, சின்னதா இருந்தா நல்லா ஓடும். பின்னாடி நம்பர் 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லுது.

இங்க பெரிய பொறி என்னன்னா, கெட்டி ஆயில் ஊத்தினா எஞ்சினுக்கு நல்லதுங்கிற பேச்சு. எனக்கும் ஒருத்தர் அப்படித்தான், மேனுவல்ல 0டபிள்யூ-20ன்னு இருந்ததை மெல்லிசா இருக்குன்னு சொல்லி 20டபிள்யூ-50 ஊத்திட்டாரு, சத்தம் குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, மைலேஜும் சேந்து குறைஞ்சுச்சு. இப்ப இருக்க எஞ்சின்கள்ல பேரிங் இடைவெளி ரொம்பச் சின்னது, வால்வு டைமிங்கை மாத்துற பாகங்களே ஆயில் அழுத்தத்துலதான் வேலை செய்யுது. கெட்டி ஆயில் காலைல முதல் ஸ்டார்ட்ல மேல போய்ச் சேர லேட் ஆகும், அந்த சில நொடிலதான் தேய்மானம். மேனுவல் ரெண்டு மூணு கிரேடு அனுமதிச்சிருந்தா உங்க ஊர் வெயில் குளிருக்கு ஏத்ததை எடுங்க, அதுக்கு வெளிய போகாதீங்க.

கிரேடு மட்டும் பாத்தா பத்தாது, தரமும் பாக்கணும். பெட்ரோல் எஞ்சினுக்கு ஏபிஐங்கிற அமெரிக்க அமைப்பு குடுக்குற தரத்துல எஸ்பி 2020-ல வந்தது, எஸ்என் அதுக்கு முந்தினது, டர்போவோட நேரடியா பெட்ரோல் தெளிக்கிற எஞ்சின்களுக்கு வர்ற ஒரு வகை நாக்கிங்கை (பெட்ரோல் நேரம் தவறி எரிஞ்சு எஞ்சின் தட்டுறது) தடுக்குறதும் அதோட வேலைல ஒண்ணு. மேனுவல்ல எஸ்என்-னு போட்டிருந்தா எஸ்பி போடலாம், எஸ்பி கேட்டா எஸ்என் போடக்கூடாது. டீசல்ல புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருந்தா ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3 மாதிரி சாம்பல் கம்மியா வர்ற ஆயில் கேப்பாங்க, சாதாரண ஆயில் ஊத்தினா அந்த ஃபில்டர் நாளாக ஆக அடைச்சுக்கும், அதை மாத்துற செலவு தனி. சில எஞ்சின்கள்ல டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள்ள ஓடுது. அதுல தப்பான ஆயில் ஊத்தினாலோ நாள் கடத்தினாலோ பெல்ட் உதிர்ந்து துகள் போய்ச் சல்லடையை அடைக்கும். உங்க வண்டி அந்த வகைன்னா ஆயில் விஷயத்துல ஒரு சொட்டு விட்டுக்குடுக்காதீங்க.

பிராண்டு பத்தி சண்டை போட எனக்கு ஆர்வம் இல்ல. மேனுவல் கேக்குற கிரேடும் தரமும் கேன்ல அச்சாகி இருந்து, சீல் உடையாம இருந்தா எந்த நல்ல கம்பெனியும் ஓகே. திறந்த டிரம்ல இருந்து ஊத்துறதை மட்டும் வேணாம்னுருங்க, உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

5. செலவைப் பிரிச்சுப் பாருங்க

பில்லுல நியாயமா வர வேண்டியது நாலுதான்: ஆயில், ஃபில்டர், ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழட்டுற அடி போல்ட்) வாஷர், கூலி. பெரும்பாலும் ஆயில்தான் பெரிய பங்கு. சிந்தெடிக் கேன் விலை அதிகம்தான், ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை மினரல் ஊத்துறதோட ஒப்பிட்டுப் பாத்தா ரொம்பப் பெரிய வித்தியாசம் வராது, கூலியும் ஃபில்டரும் ஒருதடவை மிச்சம்.

போறதுக்கு முன்னாடியே கேளுங்க, என்ன ஆயில், எத்தனை லிட்டர், மொத்தம் எவ்வளவுன்னு. என் வண்டிக்கு 3.6 லிட்டர் பிடிக்கும், ரொம்ப நாளா பில்லுல 5 லிட்டர் போட்டுக்கிட்டு இருந்தாங்க, மிச்சம் 1.4 லிட்டர் எங்க போச்சுன்னு நான் கேட்டதே இல்ல. இப்ப மிச்ச கேனை வாங்கிட்டு வந்துடுறேன், நடுவுல குறையுறதை நிரப்ப (டாப் அப்) அதுவே ஆகுது.

எஞ்சின் ஃபிளஷ் (உள்ள கழுவுற திரவம்), ஆயில்ல கலக்குற அடிட்டிவ், இதெல்லாம் பில்லுல தானா வந்து உக்காரும். ஒழுங்கா மாத்திக்கிட்டு வர்ற எஞ்சினுக்கு அது தேவையில்ல. ஏற்கனவே பசை பிடிச்ச எஞ்சினுக்கு ஃபிளஷ் ஊத்தினா ஒரேடியா பேந்து வந்து சல்லடையை அடைக்குற ஆபத்து வேற.

இன்னொண்ணு, ஆயிலை மட்டும் மாத்தி ஃபில்டரை அடுத்த தடவை பாத்துக்கலாம்பாங்க. ஒத்துக்காதீங்க. ஃபில்டர் அடைஞ்சா உள்ள இருக்க பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலையே எஞ்சினுக்கு அனுப்பும்.

6. மாத்துற அன்னைக்கு

வேலை அரை மணியில இருந்து முக்கால் மணி நேரம். அஞ்சு நிமிஷத்துல குடுத்தாங்கன்னா ஏதோ ஒண்ணைத் தாண்டியிருக்காங்க. முடிஞ்சா பக்கத்துல நில்லுங்க.

எஞ்சின் வெதுவெதுப்பா இருக்கணும், அப்பதான் ஆயில் அழுக்கோட சேந்து இறங்கும். கொதிக்க கொதிக்க இருந்தா கை வெந்துரும். ட்ரெயின் போல்ட்டைக் கழட்டி ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் சொட்டு நிக்கிற வரைக்கும் வடிய விடணும். வாஷர் புதுசு போடணும். போல்ட்டை மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (முறுக்குற விசை) இறுக்கணும், பலம் இருக்குன்னு முறுக்கினா அலுமினிய சேம்பர்ல மரை போயிரும், அப்புறம் சேம்பரையே மாத்த வேண்டி வரலாம்.

உருளை மாதிரி திருகுற ஃபில்டரைக் கழட்டினதும் பழைய ரப்பர் ரிங் அதோடயே வந்துருச்சான்னு கண்ணால பாருங்க. சில சமயம் அது எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அது மேலயே புதுசைத் திருகினா ரெண்டு ரிங் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் பிதுங்கி மொத்த ஆயிலும் ரோட்டுல கொட்டிரும். புது ரிங்ல விரலால ஆயில் தடவி, ரிங் தொட்டதுல இருந்து கையாலயே முக்கால் சுத்து, அவ்வளவுதான், ஃபில்டர் மேலயே எவ்வளவுன்னு அச்சடிச்சிருப்பாங்க.

சொன்ன அளவை விட கொஞ்சம் கம்மியா ஊத்தி, எஞ்சினை ஒரு நிமிஷம் ஓட விட்டு அணைச்சு, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு சமதளத்துல டிப்ஸ்டிக் (ஆயில் லெவல் பாக்குற கம்பி) பாத்து, அப்புறம் மிச்சத்தை ஊத்துறதுதான் பாதுகாப்பு. ஆயில் அதிகமானாலும் கெடுதல், எஞ்சினுக்குள்ள சுத்துற கிராங்க் ஷாஃப்ட் அதுல அடிச்சு நுரை கிளம்பினா நுரையால உராய்வைத் தடுக்க முடியாது. கடைசியா வண்டிக்கு அடில எட்டிப் பாத்து ஒழுகல் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு ரிமைண்டரை ரீசெட் பண்ணச் சொல்லுங்க.

நீங்களே பண்றவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: வெறும் ஜாக்கில தூக்கி நிக்கிற வண்டிக்கு அடில போகவே போகாதீங்க, ஸ்டாண்ட் வைக்காம தலையை நீட்டாதீங்க.

7. நடுவுல பாத்துக்க வேண்டியது

ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, இல்ல நீண்ட பயணத்துக்கு முன்னாடி டிப்ஸ்டிக் பாருங்க. இழுத்து, துடைச்சு, திரும்பச் சொருகி, திரும்ப இழுத்துப் பாக்கணும். மினிமம் கோட்டுக்கும் மேக்ஸிமம் கோட்டுக்கும் நடுவுல நிறைய கார்ல சுமார் 1 லிட்டர் வித்தியாசம். குறைஞ்சிருந்தா அதே கிரேடுல டாப் அப் பண்ணுங்க, ஆனா டாப் அப் பண்றது மாத்துறதுக்குச் சமம் ஆகாது, தேதிக் கணக்கு அப்படியேதான் ஓடும்.

நிறத்தைப் பாத்து முடிவு எடுக்காதீங்க. டீசல்ல புது ஆயில் சில நாள்லயே கருப்பாயிரும், அது அழுக்கைத் தூக்கி வச்சிருக்குன்னு அர்த்தம். கவலைப்பட வேண்டியது வேற: டிப்ஸ்டிக்லயே பால் மாதிரி வெளுத்திருந்தா கூலன்ட் கலந்திருக்கலாம் (மூடிக்கு அடில மட்டும் கொஞ்சம் வெளுப்பு இருந்தா அது குறுகிய ஓட்டத்தோட ஈரமா இருக்கும்). பெட்ரோல் வாடை அடிச்சாலோ, நீங்க ஊத்தாமலே லெவல் ஏறினாலோ, எரிபொருள் ஆயில்ல கலக்குதுன்னு அர்த்தம். கரி ஃபில்டர் உள்ள டீசல் வண்டிகள்ல, அந்த ஃபில்டர் தன்னைத்தானே எரிச்சுச் சுத்தம் பண்ற வேலை பாதியில பாதியில நின்னா இப்படி ஆகும், கிலோமீட்டர் எவ்வளவு இருந்தாலும் உடனே காட்டுங்க.

ஓடிக்கிட்டு இருக்கும்போது சிவப்புல ஆயில் கேன் படம் எரிஞ்சா அது சர்வீஸ் ஞாபகப்படுத்துற லைட் இல்ல, அழுத்தம் போயிருச்சுன்னு கத்துது. வீடு கிட்டத்தான்னு ஓட்டாதீங்க. ஓரம் கட்டி அங்கேயே அணைங்க, இழுத்துட்டுப் போற செலவு எஞ்சின் செலவுல தூசு.

8. எழுதி வைங்க, பில்லைத் தூக்கிப் போடாதீங்க

தேதி, ஓடோமீட்டர், ஆயில் பேர், கிரேடு, தரம், லிட்டர், ஃபில்டர் நம்பர். நான் போன்ல ஒரே ஒரு நோட் வச்சிருக்கேன், அதுலயே பில் போட்டோவும் ஓடோமீட்டர் போட்டோவும், ஏன்னா அச்சடிச்ச பில்லு ஒரு வருஷத்துல வெள்ளைத் தாளாயிருது. ஆறு மாசம் தள்ளி காலண்டர்ல ரிமைண்டரும் போட்டிருக்கேன். வாரண்டில இருக்க வண்டிக்கு எஞ்சின்ல பிரச்சனை வந்தா முதல்ல கேக்குறதே இந்த ரெக்கார்டுதான். நீங்களே மாத்தினாலும் ஆயிலும் ஃபில்டரும் வாங்கின பில்லை வச்சிருங்க. வெளிய மாத்தினா வாரண்டி போகுமாங்கிறது நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாரண்டி புக்ல அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

வீட்டுல மாத்தினவங்க பழைய ஆயிலைச் சாக்கடைலயோ மண்ணுலயோ ஊத்தாதீங்க. காலியான அதே கேன்ல திருப்பி ஊத்தி மூடி, ஃபில்டரைக் குப்புற வச்சு வடிச்சு, ரெண்டையும் பழைய ஆயில் வாங்குற ஒர்க்‌ஷாப்லயோ சேகரிப்பு மையத்துலயோ குடுத்துருங்க. அதுல கூலன்ட்டையோ பெட்ரோலையோ கலந்துறாதீங்க, கலந்தா அவங்களும் வாங்க மாட்டாங்க.